இடது பொத்தான்

சங்குமுனையில் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு மதில் வந்து நின்ற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ரெக்ஸ் மச்சாடோவின் ஐஸ் கம்பெனி வாசலில் வடைக் கூடையை இறக்கிவைத்த எஸ்தர் மைனிக்குச் சட்னி வாளியை மார்க்கெட்டிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேற்கே திரும்பி நடந்தவள், பன்னிரண்டாவது காலடியில் காற்றில் நெற்றியை இடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருல இங்கன கண்ணாடி வச்சது?" என்றாள்.

யாரும் வைக்கவில்லை. கையை நீட்டினாள், கை போகவில்லை. கோபத்தில் ஒரு வடையை எடுத்து எறிந்தாள். வடை போயிற்று, தெருநாய் அதைத் தின்றது, தின்றுவிட்டுக் கிழக்கே வந்து மைனியை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேற்கே போயிற்று. ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிய இசக்கிராஜின் லோடு ஆட்டோ மைனியைத் தாண்டிப் போயிற்று. இசக்கிராஜ் மட்டும் இருக்கையிலிருந்து வழுக்கி, ரோட்டில் உட்கார்ந்து, ஆள் இல்லாத தன் வண்டி போய்ச் சாக்கடையில் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியச் சாப்பாட்டுக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பதினொரு மணிக்கு யார் எங்கே நின்றார்களோ, அங்கிருந்து பன்னிரண்டு காலடி வரைக்கும்தான் மேற்கே திரும்ப முடியும். கிழக்கே ஒரு அடி எடுத்துவைத்தால் மதிலும் ஒரு அடி கிழக்கே வந்து நின்றுகொள்ளும், பிறகு அது பின்வாங்காது. வடக்கும் தெற்கும் தடையில்லை. சாமான்களுக்கும் ஆடுமாடுகளுக்கும் மதில் இல்லை, மனிதர்களுக்கு மட்டும்தான், ஆளுக்கு ஒன்று, அவரவர் மதில் அவரவரை மட்டும் தடுக்கும். எங்கள் ஊர் மேற்கே ரயில் நிலையத்தில் தொடங்கி, ஒரே நேர் ரோடாக ஒன்றேகால் கிலோமீட்டர் கிழக்கே போய், மார்க்கெட்டையும் மாதா கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் ஐஸ் கம்பெனியையும் தாண்டி, கலங்கரை விளக்கத்தில் முடிந்து கடலில் இறங்கும் ஊர். மதில் ஏன் வந்தது என்று அதிகம் பேர் கேட்கவில்லை. புயல் கூண்டு ஏற்றினால் காரணம் கேட்காமல் போட்டை இழுத்துக் கட்டிப் பழகியவர்கள் நாங்கள்.

ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அது நான் அழித்த ஒரே ஒரு வரி.

முப்பது வருடங்களுக்கு முன், கப்பலில் சமையல்காரராக இருந்த கஸ்பார் என்பவர் ஒரு டிவி கேம் பெட்டியையும் மூன்று கேசட்டையும் ஊருக்குக் கொண்டுவந்தார். கேசட்டின் மேலிருந்த எழுத்தை வாசிக்க யாருக்கும் தெரியவில்லை. மூன்றின் உள்ளேயும் ஒரே குண்டு மனிதன், கையில் லாந்தர் விளக்குடன், பலகைக்குப் பலகை தாண்டி, பள்ளத்துக்குப் பள்ளம் தாண்டி, கலங்கரை விளக்கத்தைத் தேடிப் போவான். அவனுக்கு லாந்தர் மாமா என்று பெயர் வைத்தார்கள். ஊரில் அந்த ஒரு பெட்டிதான், ஒரு ஜாய்ஸ்டிக்தான். நாற்பத்தொரு பிள்ளைகள் கஸ்பார் வீட்டுச் சிமென்ட் தரையில் முட்டிக்கு முட்டி இடித்து உட்கார்ந்து, கேசட்டின் வாயில் ஊதி ஊதிப் போட்டு, ஆளுக்கு ஒரு உயிர் என்று முறைவைத்து விளையாடினார்கள். முறை பற்றிச் சண்டை வந்தால் குச்சி ஆட்டம். வலது பொத்தானிலும் தாண்டுகிற பொத்தானிலும் தீக்குச்சியைச் செருகி, ஜாய்ஸ்டிக்கை டிவியின் மேல் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளிப் போய் நிற்க வேண்டும். மாமா தானாகவே தாண்டித் தாண்டி ஓடுவார், பிள்ளைகள் "தாண்டு, தாண்டு" என்று கத்துவார்கள், எப்போதும் கடைசியில் மாமா கடலில் விழுவார்.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். ரெக்ஸ் ஐஸ் கம்பெனி முதலாளி, இசக்கிராஜ் லோடு ஆட்டோ, மற்றவர்கள் வங்கியிலும் துறைமுகத்திலும் சொந்தக் கடையிலும். பெட்டி போய்விட்டது, கஸ்பார் போய்விட்டார், கேசட்டைச் செய்த கம்பெனி எந்த நாட்டிலோ எப்போதோ மூடிவிட்டது. லாந்தர் சங்கம் என்று ஒன்றை வைத்து, ரெக்ஸைத் தலைவராக்கி, நான்காவது லாந்தரை நாமே கொண்டுவருவோம் என்று முடிவு செய்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை ஐஸ் கம்பெனி மாடியறையில் உட்காரவைத்தார்கள். கீழே ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, ஒன்றரை வருடம் நாற்பத்தொரு பேரின் ஞாபகத்தையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். மாமாவின் தொப்பி சிவப்பா பழுப்பா என்று இரண்டு பேர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே ஞாபகம். மாமாவால் திரும்பிப் போக முடியாது. பன்னிரண்டு காலடி போவார், அதற்குமேல் மதில்.

எனக்கு அது பாவமாக இருந்தது. வழியில் விட்டுவந்த விளக்குகளை மாமா திரும்பிப் போய் எடுக்கலாம் என்று வைத்தேன். மாதிரியைப் பார்த்த ரெக்ஸின் முகம் ஐஸ் மாதிரி ஆயிற்று.

"பாப்பா, திரும்பிப் போனா அது லாந்தர் இல்ல. நாங்க எவ்வளவு வருசம் காத்திருந்தோம் தெரியுமா? ஒரு மயிரிழை மாறக் கூடாது."

ரெக்ஸ் மாமா, வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை, எனக்கு எப்போதும் வராது. தலையாட்டிவிட்டு அந்த வரியை அழித்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நாற்பத்தொரு பேரும் அவரவர் போனில் ஒரே நேரத்தில் லாந்தரைத் திறந்தார்கள்.

அன்று சாயங்காலம், சாக்கடையில் கிடந்த ஆட்டோவைத் தூரத்திலிருந்து பார்த்தபடி இசக்கிராஜ்தான் முதலில் சொன்னான்: "ஏலே மக்கா, பன்னெண்டு! எண்ணிப் பாத்தேன். அப்படியே அச்சு அசலா வந்துருக்குல!" சங்கத்தினர் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள், சந்தோஷத்தில்தான்.

முதல் இரண்டு நாளில் தாய்மார்கள் கிழக்கே வந்தார்கள். பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், வீடுகள் மேற்கே இருந்தன. அம்மாக்கள் அடுப்பையும் பாயையும் தலையில் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், தங்கள் மேற்கு முழுவதையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இல்லாத மேற்குக்காரர்கள் ரயில் ஏறிப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் கிழக்கைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொண்டார்கள். கட்டிலைக் கிழக்குச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார்கள்; கிழக்கே உருண்டு ஓடும் பந்தைப் பிள்ளைகள் துரத்தாமல் நின்றார்கள்; சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குப் பதில் "மதில் எங்க நிக்கி?" என்று கேட்டார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு எவ்வளவு மேற்கு மிச்சமிருக்கிறது என்று விசாரித்தார்கள், மாதா சப்பரம் அந்த வருடம் வடக்கும் தெற்குமாக மட்டும் போயிற்று. அரிசியும் மருந்தும் ரயில் நிலையத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்தன, பாத்திரங்கள் கைமாறிக் கைமாறித் திரும்பின. ஒவ்வொருவரும் தமக்குள்ள பன்னிரண்டு காலடியில் நடந்து அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். அதற்குச் சங்கிலி என்று பெயர். வெளியூர் உறவினர்கள் பிளாட்பாரத்தோடு நின்று, தூக்குவாளியைச் சங்கிலியில் கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலில் போனார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மதில் வந்தபோது போட்டுகள் எல்லாம் கரையில் இருந்தன. ஜூன் நடுவில் தடை முடிந்தும் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. லூர்து என்பவர் மட்டும், உட்கார்ந்து சாவதற்குப் பதில் போய்ச் சாகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போட்டு வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தில் நின்றது. சில நாள் போனை எடுத்தார், மீன் நிறைய இருக்கிறது என்றார். பிறகு எடுக்கவில்லை. போட்டு இன்னும் அங்கேதான் நிற்கிறது.

நான் ஐஸ் கம்பெனி மாடியில் மாட்டிக்கொண்டேன். எஸ்தர் மைனிக்கும் வீடு மேற்கே போய்விட்டதால் இரண்டு பேரும் அந்த அறையில் படுத்துக்கொண்டோம். அப்பா ரயில் நிலையத்தின் எதிரில் இருந்தார், ஊரின் மேற்குக் கோடியில், ரேடியோ டிவி பழுது பார்க்கும் தன் கடையில். அப்பா பெயர் தொபியாஸ். பதினொரு வருடத்துக்கு முன் அம்மா கடலோடு போனதிலிருந்து அவர் மார்க்கெட்டைத் தாண்டிக் கிழக்கே வந்ததில்லை. ஊரிலேயே அதிக மேற்கு அவரிடம்தான் இருந்தது. ரோட்டைக் கடந்து ரயில் ஏறினால் விடுதலை.

"பெரியம்மா வீட்டுக்குப் போயிருங்கப்பா," என்று தினமும் போனில் கெஞ்சினேன்.

"போறேன் போறேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

அப்பாவின் எல்லா வேலைக்கும் நாளைதான்.

நான் அழித்த வரியை முதல் வாரத்திலேயே திரும்ப எழுதிவிட்டேன். ஆனால் அது நாற்பத்தொரு பேரின் போனிலும் போய்ச் சேர வேண்டும். புதியதை ஏற்கிறீர்களா என்று போன் கேட்டது. நாற்பத்தொரு பேரும் வேண்டாம் என்று அழுத்தினார்கள். அதைப் பற்றி ஒருநாள் அப்பாவிடம் சொல்லி அழுதபோது, பன்னிரண்டு காலடி என்றதும் அவர் குறுக்கிட்டார்.

"ஏட்டி செரா. பன்னெண்டா?"

"ஆமாப்பா. அதுதான் அந்த விளையாட்டோட சட்டமாம்."

"சட்டமும் இல்ல கிட்டமும் இல்ல. அது ஜாய்ஸ்டிக்ல இடது பொத்தான். பன்னெண்டு காலடி போனதும் கனெக்சன் விட்டுரும், வலதுல பன்னெண்டு காலடி போனாத்தான் திரும்பப் பிடிக்கும். ஸ்பிரிங் கோளாறு. கஸ்பார் நாலு வருசம் எங்கிட்டதான் கொண்டுவந்தான். நா ரெண்டு தட்டு தட்டி, நாளைக்கு வா பாத்துக்கிடலாம்னு சொல்லிச் சொல்லி அனுப்பிட்டேன். அவன் செத்த பொறவு பெட்டி, கேசட்டு எல்லாம் காயலான் சாமானோட நம்ம கடைக்குத்தான் வந்துச்சு. மேல் தட்டுல கெடக்கு."

அன்று அப்பா முப்பது வருட நாளையை முடித்து, இடது பொத்தானுக்குப் புது ஸ்பிரிங் போட்டார். ஜாய்ஸ்டிக்கையும் பெட்டியையும் சங்கிலியில் அனுப்பினார். மார்க்கெட் வரை வந்து திரும்பிப் போயிற்று. மறுபடி அனுப்பினார், மறுபடி திரும்பியது. மார்க்கெட்டில் கைமாற்றுகிறவர் சங்கத்து ஆள். "தலைவர் வேண்டாம்னுட்டாரு அண்ணாச்சி," என்றாராம்.

"அப்ப நானே கொண்டாரேன்," என்றார் அப்பா.

"வராதீங்கப்பா. வந்தா திரும்ப முடியாது. ரயில் ஏறுங்கப்பா!"

"நா அன்னைக்கே சரிபண்ணிக் குடுத்திருந்தா இந்தப் பயலுவளுக்கு வீட்டுக்குத் திரும்பத் தெரிஞ்சிருக்கும். போன வையி."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த மணி கேட்டதும் அப்பா கிளம்பினார். மஞ்சள் பையில் பெட்டியையும் கேசட்டையும் வைத்து, கக்கத்தில் ஜாய்ஸ்டிக்கை இடுக்கிக்கொண்டு, முதல் அடியில் ரயில் நிலையத்தை விட்டார், பதிமூன்றாவது அடியில் கடையை விட்டார், அம்மாவும் அவரும் டீ குடித்த கிளப்புக் கடையை விட்டார், மார்க்கெட்டைத் தாண்டினார், பதினொரு வருடமாகத் தாண்டாத இடத்தைத் தாண்டும்போது மட்டும் செருப்பைச் சரிசெய்வதுபோல ஒரு நிமிடம் குனிந்து நின்றார், பிறகு சாக்கடையில் கிடந்த ஆட்டோவைத் தாண்டினார். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று, இவ்வளவு மேற்கை ஒரே ஆள் ஒரே நடையில் செலவழிப்பதைப் பார்த்தார்கள், "யோசிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று ஒரு குரல் மட்டும் வந்தது, அவர் யோசிக்கவில்லை, ஐஸ் கம்பெனி வாசலில் என்னைப் பார்த்ததும் "எளச்சிட்டியே ஏட்டி" என்றார்.

மார்க்கெட்டில் கைமாற்றுகிறவரும் அப்பாவின் பின்னாலேயே வந்துவிட, கீழ்த்தளக் கூடத்தில் சங்கத்தினர் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். அப்பா இவ்வளவு தூரம் நடந்துவந்ததால் அவரைப் போகச் சொல்ல ரெக்ஸுக்கும் மனம் வரவில்லை. மேற்குச் சுவர் ஓரமாகப் பழைய டிவி ஒன்றை வைத்தார்கள். அப்பா கேசட்டின் வாயில் ஊதினார். அந்தச் சத்தத்துக்கே பலருக்குக் கண் கலங்கியது. லாந்தர் மாமா வந்தார், தொப்பி பச்சையாக இருந்தது. அப்பா வலப்பக்கம் வெகுதூரம் ஓட்டிப்போனார், நிறுத்தினார், பிறகு இடது பொத்தானை அழுத்தினார்.

மாமா திரும்பினார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று கூடம் தன்னையறியாமல் எண்ணியது. பதிமூன்றை யாரும் சொல்லவில்லை. மாமா போய்க்கொண்டே இருந்தார். விட்டுவந்த விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார், தாண்டிவந்த பள்ளங்களைத் திரும்பத் தாண்டினார், புறப்பட்ட இடத்துக்கு வந்தார். அங்கேயும் நிற்காமல் இன்னும் இடப்பக்கம் போனார், அங்கே முப்பது வருடமாக யாரும் பார்த்திராத ஒரு சின்ன வீடு இருந்தது, வாசலில் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் கையாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அவருக்கு வீடு இருந்துச்சால?" என்றான் இசக்கிராஜ்.

அப்போது வாசலுக்கு வெளியே எஸ்தர் மைனி கத்தினாள்: "பதிமூணு! ஏட்டி செரா, பதிமூணாவது வச்சிட்டேன்! பதினாலு!"

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். மைனி ரோட்டில் மேற்கே பார்த்து, குழந்தை நடை பழகுவதுபோலக் கையை விரித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். உள்ளே திரும்பி வாசற்படியில் நின்று, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினேன்: "மதில் போகுது. ரெக்ஸ் மாமா, அது சட்டம் இல்ல, பொத்தான் பழுது, அவ்வளவுதான். எல்லாரும் புதுசை ஏத்துக்கிடுங்க. நாம வீட்டுக்குப் போயிரலாம்."

மற்ற நாற்பது பேரும் ரெக்ஸைப் பார்த்தார்கள். ரெக்ஸ் திரையில் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பொக்கிஷம் என்று பூட்டிவைத்ததைத் திறந்து, அது தனக்கு வந்ததே இல்லை என்று கண்டவரின் முகம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இது நம்ம லாந்தர் இல்ல பாப்பா. அந்த வீட்ட நாம பாத்ததே இல்ல. நாம பாக்காதது நம்மளுது இல்ல. இந்தக் கையி, இந்த விரலு, எத்தன வருசம் அந்த மதில்ல முட்டிருக்கு. அது பொத்தான் பழுதுன்னு சொன்னா, அப்ப நாங்க விளையாண்டது என்னது?"

அப்போதுதான், அழுதுகொண்டிருந்தவர்களில் யாரோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆசையாகக் கேட்டார்: "ரெக்ஸு, ஒரேயொரு தடவ குச்சி ஆட்டம் போடுவோமால?"

கூடமே விடிந்ததுபோல ஆயிற்று. தீப்பெட்டிகள் நாலா பக்கமிருந்தும் நீண்டன. "வேண்டாம் ரெக்ஸ் மாமா" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அப்பா ஜாய்ஸ்டிக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "குடுங்க அண்ணாச்சி, சின்னப் பிள்ளையிலே நாளைக்கு நாளைக்குன்னு எங்கள எத்தன அலய விட்டீரு" என்று சிரித்தபடி மென்மையாக விரல்களைப் பிரித்து வாங்கினார்கள். அப்பா அந்த வார்த்தையில் தளர்ந்துவிட்டார். ரெக்ஸ் இரண்டு பொத்தானிலும் குச்சியைச் செருகினார். ஜாய்ஸ்டிக்கை டிவியின் மேல் வைத்தார். பிறகு, ஆட்டத்தின் முறைப்படி, எல்லோரும் தள்ளிப் போனார்கள், முதுகைக் காட்டாமல், கண்ணைத் திரையில் வைத்தபடி, கிழக்கே, கூடத்தின் மறு கோடி வரை, அதையும் தாண்டி வாசலுக்கு வெளியே ரோடு வரை, சின்ன வயதில் நின்ற அதே தூரம்.

மாமா வீட்டைவிட்டுத் தாண்டித் தாண்டி ஓடத் தொடங்கினார். "தாண்டு!" என்றார்கள் நாற்பத்தொரு பேர். "தாண்டு! தாண்டு!"

மைனியின் சத்தம் நின்றது. பிறகு அவள் ரோட்டில் எங்களை நோக்கிப் பின்பக்கமாக வருவதைப் பார்த்தேன். அவள் நடக்கவில்லை. செருப்பு தரையில் தேய்ந்துகொண்டிருந்தது.

அப்போது என் முகத்தில் ஏதோ தொட்டது. நான் மேற்கே பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தேன், ஒரு அடியும் நகரவில்லை. குளிர்ந்த, வழவழப்பான, ஐஸ் பாளம் மாதிரி ஒன்று நெற்றியிலும் மூக்கிலும் பட்டு, மெல்ல என்னைத் தள்ளியது. இசக்கிராஜ் சிரித்துக்கொண்டே தள்ளாடினான். "எவம்ல இடிக்கது" என்றான். ரெக்ஸ் சிரிக்கவில்லை. அவர் டிவியை நோக்கி ஓடினார், மூன்றாவது அடியில் முட்டி நின்றார், கையை நீட்டினார், விரல் நுனிக்கும் தீக்குச்சிக்கும் நடுவே ஒரு கூடம் இருந்தது. திரையில் மாமா அடுத்த அடி வைக்க, மதில் இன்னும் ஒரு அடி கிழக்கே தள்ளியது. ஜாய்ஸ்டிக் டிவியின் மேல் யாரும் தொட முடியாத இடத்தில் இருந்தது. திரையில் மாமா, விளக்கை ஆட்டியபடி, களைப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து அம்மாக்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது.

அப்பா என் கையைப் பிடித்தார். மதில் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகப் போக வேண்டாம் என்பதுபோல என்னைத் திருப்பினார். கலங்கரை விளக்கம் தெரிந்தது, அதன் பின்னால் தண்ணீர் தெரிந்தது, லூர்தின் போட்டு தெரிந்தது. அம்மா போனதற்குப் பிறகு முதல்முறையாக அப்பா கடலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தன காலடி இருக்கும் ஏட்டி?"

"எண்ணாதீங்கப்பா," என்றேன்.

பின்னால் சிலர் இன்னும், பழக்கத்தில், தாண்டு தாண்டு என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.